வெள்ளிக்கிழமை மெஷின்

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயது முப்பத்தொன்று. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய ரத்த அழுத்தம் பிறகு இறங்கவே இல்லை. குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். கால் வீங்கியபோது நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றார்கள். காலையில் எழுந்ததும் குமட்டியபோது பித்தம் என்றார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்த அன்றுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூரில் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரிகள் மிகக் குறைவு. நான் போன இடத்திலும் மெஷின்களைவிட ஆட்கள் அதிகம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் என் முறை. என் வீட்டுக்காரருக்குத் துடியலூரில் பம்புசெட் உதிரிபாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறை இருந்தது. அவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார், முடிந்ததும் ஆட்டோவோடு வருவார். முதல் வருடத்திலேயே இரண்டு லேத்தில் ஒன்றை விற்றுவிட்டார். வேலை குறைந்துவிட்டது, அதனால்தான் என்று என்னிடம் சொன்னார். நம்புவதுபோல் இருந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்குக் கூட்டிவரப்பட்ட குடும்பம். பேச்சில் இன்னும் அந்த ஊர் வாடை இருந்தது. உடம்பு வலிக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை வருடக்கணக்காகத் தின்றிருக்கிறாள். முகம் வீங்கியதைக் குளிர் என்று விட்டிருக்கிறாள். மூச்சு முட்டி விழுந்த பிறகு லாரியில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவள் முதலில் என்னிடம் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு சொல்லியிருக்காவ?"

"நாளைக்கு அரை லிட்டருங்க. எல்லாம் சேர்த்து."

"எனக்கும் அதான். எலை பறிக்கையில அது எங்க காணுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு இன்னும் வேலைக்கா போறீங்க?"

"போகாம? எஸ்டேட்ல குடுத்த லைன் வீடு எம் பேர்லல்லா இருக்கு. அவருக்கு வேலை நிரந்தரமில்ல. நான் போகலன்னா பேரை வெட்டிருவாவ, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாவ."

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக எங்கள் இருவருக்கும் இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். விரல் வைத்தால் உர்ரென்று அதிரும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, இறுக்கி எதையும் கட்டக் கூடாது. வீட்டில் ஒரு குடம்கூட என்னைத் தூக்க விட்டதில்லை. அவள் கொழுந்துப் பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை முறைக்கு அவள் வியாழக்கிழமையே மலையை விட்டு இறங்க வேண்டும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் புருஷனும் பெண்டாட்டியும் படுத்திருந்துவிட்டு முதல் பஸ்ஸில் கோவை வருவார்கள். டயாலிசிஸ் முடிந்த பிறகு எனக்குத் தலை சுற்றும், கால் கெண்டை இழுக்கும். வீட்டுக்குப் போனதும் ஃபேனுக்கு அடியில் படுத்துவிடுவேன். நான் படுத்திருக்கும் நேரத்தில் அவள் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏதோ வேடிக்கைபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். செவ்வாய் முறையை அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை போதாது என்று டாக்டர் கடிந்துகொண்டபோது, "சரிங்க சார், பாக்குறேங்க" என்றாள். அவள் புருஷன் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரும் வந்தால் அவருக்கும் அன்றைய கூலி இல்லை.

கிட்னி கொடுக்க ஆள் இருக்கிறதா என்ற பேச்சு வார்டில் எல்லாருக்குள்ளும் நடக்கும். அவள் புருஷனுக்கு ரத்த குரூப் சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. தங்கச்சி ஒருத்திதான் பாக்கி. அவளைக் கூட்டிவந்து சோதித்துப் பார்க்கக்கூட இவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் ஆகாத புள்ள அக்கா. வயித்துல இம்மாம் பெரிய தழும்போட அவளை யாரு கட்டுவா? நான் கேட்டா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. அதனாலதான் கேக்கல."

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் வழியில் தென்னந்தோப்பு, அங்கேயே வீடு. நானும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அவள் கேட்காததும் நான் கேட்காததும் ஒன்றல்ல. அண்ணன் தானாகச் சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு தடவை அவர் வீட்டுக்கு வரும்போதும் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் மலையில் ஓயாத மழை. மண் சரிந்து பாதை அடைபட்டதில் அவள் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது அவள் புருஷன் அவளை முதுகில் சுமந்துகொண்டு படியேறினார். முகம் ஊதிக் கண் மூடியிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொப்பளிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அன்று பார்த்து ஒரு மெஷின் பழுது. சரிசெய்கிறவர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். காலை முறைக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மெஷின்தான் இருந்தது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார், வாய்விட்டுக் கேட்கவில்லை. நானே, "அவங்களுக்கு முதல்ல போடுங்க சிஸ்டர். நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றேன்.

அன்று அதற்காக என்னைப் பாராட்டாதவர்கள் இல்லை. பெரிய மனசு என்றார்கள். உண்மை என்னவென்றால், காலையிலிருந்தே எனக்கு அந்த ஊசிகளை நினைத்து வெறுப்பாக இருந்தது. கோணி ஊசி தடிமனில் இரண்டு ஊசி. ஒரு வேளையாவது தள்ளிப்போகட்டும் என்ற நினைப்பும் அந்த வார்த்தையில் இருந்தது. அவளுடைய மூச்சுச் சத்தம் பாதி, என் ஊசிப் பயம் பாதி.

அவளுக்கு நடுவில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் வெகுநேரம் ஆனது. பிறகு மதிய முறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் காலை முதல் ஆளாக வரச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்குத்தான் மெஷின் இருக்கிறதே என்ற தைரியத்தில் வீட்டில் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்னால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தேன். வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். துடியலூரில் ஓர் அம்மன் கோயில் விசேஷத்துக்குத் தேங்காய் இறக்க வந்திருந்த அண்ணன், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அப்போதுதான் உள்ளே நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

அவசரத்துக்கு எப்படியோ ஒரு மெஷினை ஒழித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை கண் விழித்தபோது அண்ணன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது.

"போதும் கண்ணு. என்னால இதைப் பாக்க முடியல. நான் தர்றேன். டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"வேண்டாமுங்கண்ணா" என்றேன்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை யோசித்திருப்பார். சொல்லவில்லை.

நான் முறையை விட்டுக்கொடுத்ததால்தான் அண்ணன் அன்று என்னை அந்த நிலையில் பார்த்தார், பார்த்ததால்தான் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் வால்பாறைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு வழிவிட்டீங்கல்லா அக்கா, சாமி உங்களுக்கு வழிவிட்டுட்டு" என்றாள். உண்மையான சந்தோஷம் அவளுக்கு. என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. நான் கொடுத்தது ஒரு காலை நேரம். அதற்குப் பதிலாகக் கிடைத்தது என் மிச்ச வாழ்வு. இந்தக் கணக்கில் அவளுக்கு என்ன வந்தது?

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கைக்கு விஷயம் அண்ணன் வாயால் தெரியவில்லை, தோப்புக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்திருக்கிறது. சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் தனியாக பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாள். எனக்கென்று காயைத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டி, உப்பில்லாமல் ஒரு பொரியல் செய்து கொண்டுவந்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங் அம்மணி, உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. கேட்டிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஒரு வார்த்தை கேக்காம இருந்துபோட்டீங்களே."

அண்ணன் முடிவெடுத்தது எனக்கே பிறகுதான் தெரியும் என்று சொல்லலாம். அது நிஜமும்கூட. ஆனால் தெரிந்த பிறகு இத்தனை நாள் இருந்ததே, ஒரு போன் போட்டிருக்கலாமே! பயந்துகொண்டுதான் இருந்தேன். அவள் மாட்டேன் என்றால் அண்ணன் பின்வாங்கிவிடுவார் என்ற பயம். நங்கை கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவி, பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினாள்.

தை மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு மூத்திரம் இறங்கியதை டாக்டரும் சிஸ்டர்களும் திருவிழாபோலக் கொண்டாடினார்கள். என்னை வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் வெளியாள் யாரும் வரக் கூடாது. அண்ணன் பக்கத்து அறையில் வலியில் முனகுவது சுவர் வழியாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை சிஸ்டர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "உங்க ஃப்ரெண்டு கீழ வார்டுலருந்து கேக்கச் சொன்னாங்க, தண்ணி குடிச்சீங்களான்னு" என்றார்.

குடித்தேன். இப்போது நிறையக் குடிக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

பிறகு மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போவேன். டயாலிசிஸ் வார்டுக்குப் போகவே கூடாது, தொற்று வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் மாஸ்க் கட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். புதுக் கிட்னிக்காகக் கொடுத்த மாத்திரையில் என் முகம் உருண்டு உப்பியிருந்தது. அவள் இன்னும் கறுத்து இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு சொம்புத் தண்ணியை மடமடன்னு முழுசாக் குடிச்சா எப்படி இருக்கு?" என்று கட்டிலிலிருந்தே கேட்டாள்.

"அப்படியொண்ணும் பெருசா இல்லீங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். "பொய் சொல்லுதீங்க."

அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு மாத்திரையால் மனசு ஒரு நிலையில் இல்லை என்றேன். அதுவும் பொய்தான்.

அடுத்த ஆனி வந்தது. மறுபடி மழை, மறுபடி பாதை அடைபடும். என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அவளைத் தங்கவைக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் தோப்பு நினைவுக்கு வந்தது. பொள்ளாச்சி வரைக்கும் பஸ் எப்போதும் ஓடும். இந்த முறை அண்ணனிடம் பேசவில்லை. நங்கைக்குப் போன் போட்டேன்.

"நங்கை, உங்களைத்தான் முதல்ல கேக்கறேனுங்க. உங்களுக்கு ஆகாதுன்னா அண்ணனுக்கே தெரிய வேண்டாம்" என்று விவரத்தைச் சொன்னேன்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். பிறகு, "வரச் சொல்லுங்க. களத்து ரூம் சும்மாதான கெடக்குது" என்றாள்.

மழை முடியும்வரை அவளும் புருஷனும் அங்கே இருந்தார்கள். அவர் கொப்பரை உலர்த்தும் வேலை செய்தார். அவள் வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள், முகத்தில் தெளிச்சி வந்தது என்று சிஸ்டர் சொன்னார். நங்கை அவளுக்கும் காயை வேகவைத்து வடித்துக் கொடுத்தாள். ஆனால் அவள் படுத்ததும் சாப்பிட்டதும் களத்து அறையில்தான். வீட்டுக்குள் அவளைக் கூப்பிடவில்லை, தட்டும் டம்ளரும் தனி. யாராவது கேட்டால் அவளுக்கு நோய், அதனால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அதே நோய் எனக்கு இருந்தபோது நான் அந்த வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு இது தெரியும். தங்க இடம் கொடுத்ததே பெரிது, அதற்குமேல் வாயைத் திறந்தால் அதுவும் கெட்டுப்போகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆவணிக்குப் பிறகு எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. வேலைக்கு வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய பத்து வயது மகளும் தங்கச்சியின் பொறுப்பில் மேலே எஸ்டேட்டில் இருந்தாள். வால்பாறைக்காரி மலைக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு வார்டில் விசாரிக்கும்போதெல்லாம் போன வாரம் வரவில்லை, இந்த வாரமும் காணோம் என்றே சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் தீபாவளி கழிந்து தோப்புக்குப் போயிருந்தேன். அண்ணன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நங்கை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ள போயிருச்சுங்க அம்மணி. புரட்டாசியிலயே."

நான் அவளருகே உட்கார்ந்தேன்.

"அதோட வீட்டுக்காரர் வந்து சொன்னாருங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அந்தப் புள்ளயே சொல்லிட்டுப் போச்சாமா. இப்பத்தான் அவங்க ஒடம்பு தேறி வருது, மனசு கெட்டுப்போயிரும்னு. நானும் அதனாலதான் சொல்லல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே நங்கை" என்றேன்.

சொன்ன பிறகுதான், அன்று பொரியலோடு வந்தபோது நங்கை என்னிடம் சொன்ன அதே குறை அது என்று உறைத்தது. நங்கை தலை நிமிரவில்லை. உளுந்தில் கல் பொறுக்கினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க அண்ணன் தேங்காக் குலை தூக்கறப்ப இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிப்பாருங்க. அப்பல்லாம் எனக்கு உங்க மேல ஆத்தரம் வரும். அந்தப் புள்ளயப் பாத்த பொறகு அது கொஞ்சம் கொறஞ்சுது. இவ்வளவு கஷ்டமா இது, இதுக்குத்தான் குடுத்தாரான்னு. ஆனா முழுசாப் போகலீங்க. போயிருச்சுன்னு சொன்னா பொய்."

பனிக்காலத்தில் நானும் நங்கையும் வால்பாறைக்குப் போனோம். வருகிறேன் என்று சொன்னது நங்கைதான். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலைப் புரட்டியது. நங்கை எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்தாள். இந்த வழியில்தான் ஒருத்தி ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்துகொண்ட கையோடு ஏறிப் போனாள் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

லைன் வீட்டில் அவள் புருஷன் இருந்தார். அவள் இடத்தில் அவருக்கு வேலையை நிரந்தரமாக்கியிருந்தார்கள், வீடு தப்பியது. தங்கச்சிக்குப் பொங்கல் கழிந்து கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்து எஸ்டேட். எங்களை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் அவர் தவித்தார். நங்கை தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் டீ போடுங்க, குளுருது" என்றாள். அந்த வீட்டு டம்ளரில் வாங்கிக் குடித்தாள். பிறகு அவரைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க எங்க ஊட்டுல இருந்தப்ப உள்ள வாங்கன்னு கூப்பிடலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார்.

நான் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். என் டீயைக் குடித்து முடித்தேன். அவளுடைய மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் அம்மாகூட ஆஸ்பத்திரில இருந்தவங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உங்களுக்குச் சரியாயிட்டா?" ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. அண்ணன் கொடுத்தது இன்னும் எனக்குள் வேலை செய்கிறது. அண்ணனும் நன்றாகத்தான் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை நங்கை அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துப் போகிறாள். ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்கும் அதிக தூரமில்லை. வருவதை முன்னால் என்னிடம் சொல்வதில்லை. ரிசல்ட் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி, ஊருக்குத் திரும்பிப் போன பிறகுதான் போன் வரும். முன்பே சொன்னால் நானும் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருப்பேனே என்று ஒருமுறை கேட்டேன்.

"நீங்க வந்து உக்காந்தா அவரு உங்க முகத்தையே பாத்துக்கிட்டிருப்பாருங்க. டாக்டர் கேக்கறதுக்கு வலி கிலி இருந்தாலும் இல்லைன்னு சொல்லிப்போடுவாரு" என்றாள் நங்கை.